ரீகண்டிஷன் கார்: முன்பணத்துக்கு முன் ஒரு தாள்

அல்பார்ட், வெல்ஃபயர் போன்ற ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களுக்கு நம் நாட்டில் என்றும் மவுசுதான். ஷோரூமில் மெருகேற்றி நிறுத்தினால் எந்தக் காரும் புதிதாகத்தான் தெரியும். அதன் பழைய கதையைச் சொல்வது ஜப்பானிய ஏலத் தாள்.

ஏலத்துக்கு முன் காரைப் பரிசோதித்து அதில் மதிப்பெண் இடுவார்கள். 4, 4.5 என்றால் நல்ல நிலை. 'ஆர்', 'ஆர்ஏ' என்றால் அடிபட்டுப் பழுதுபார்த்த கார். ஓடிய கிலோமீட்டரும் அதில் இருக்கும்.

நம்பகமான நிறுவனம் முன்பணம் வாங்கும் முன்பே இத்தாளைக் காட்டும். தாளிலும் காரிலும் சேசிஸ் எண் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். நகலைத் திருத்த முடியும் என்பதால், கட்டணம் பெற்று ஏலப் பதிவைச் சரிபார்த்துத் தரும் சேவையையும் நாடலாம். "தாள் தொலைந்துவிட்டது" என்று மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முன்பணத்தை விற்பனையாளரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் ரசீது கேளுங்கள். மதிப்பெண், கிலோமீட்டர், சாலை வரி, காப்புறுதி உட்பட மொத்த விலை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். அங்கே வாய்ப்பேச்சைவிட எழுத்துக்கே வலு அதிகம்.