உங்களுக்குத் தெரியுமா? – கதைகளில் பர்தா

திருமுல்லைவாயிலில் காலை மின்ரயிலுக்கு ஓடிவரும் பர்தா அணிந்த மாணவிகளைத் தினமும் பார்க்கிறோம். கதைகளில் அவர்கள் எப்படி வருகிறார்கள்?

★ பெண்கள் வீதியில் உலவ, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்தால்? 'சுல்தானாவின் கனவு' சொல்வது அதைத்தான். எழுதியவர் வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன். கதை 1905-இல் முதலில் அச்சேறியதோ நம் சென்னையில்! கமலா சத்தியநாதனின் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' அதை வெளியிட்டது. முகத்திரை இல்லாமல் பட்டப்பகலில் தெருவில் நடக்க சுல்தானா கூசுகிறாள். போகிற வருகிற பெண்கள் அவளைக் கேலி செய்கிறார்கள்: ஆம்பளை மாதிரி வெட்கப்படுகிறாளாம்! அந்தக் கனவு நாட்டில் சமையல்கட்டு ஆண்கள் பொறுப்பு. அடுப்புக்கோ சூரிய வெப்பம். இன்று படித்தாலும் புத்தம்புதிதாக இருக்கிறது.

★ 1931-இல் ரொக்கேயாவே 'அவரோதவாசினி' நூலில் உண்மைச் சம்பவங்களைத் தொகுத்தார். ரயில் நிலையத்தில் புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்த ஒரு பெண்ணைத் தூக்க ஆண்கள் ஓடிவருகிறார்கள். தொடக் கூடாது என்று பணிப்பெண் தடுத்துவிடுகிறாள். கடைசியில் ரயில் கிளம்புகிறது; அந்தப் பெண் நசுங்கிச் சாகிறார். ஆனாலும் ரொக்கேயா புர்காவுக்கு எதிரியல்ல. அளவான பர்தாவை ஆதரித்துக் கட்டுரையே எழுதினார். அவர் எதிர்த்தது பெண்களை அடைத்துவைப்பதை. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

★ தமிழிலும் ஒரு முஸ்லிம் பெண் அன்றே கதை எழுதினார்: நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை 1938-இல் வெளியிட்டார். முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர்.

★ மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தில் காற்று முகத்திரையை விலக்க, நாயகன் மனதைப் பறிகொடுக்கிறான். அழகான காட்சிதான், ஆனால் திரைக்கு வெளியே நிற்பவனின் பார்வை அது. திரைக்குள் இருப்பவள் என்ன நினைத்தாள்?

★ அதற்குப் பதில் எழுத்தாளர் சல்மாவிடம் இருக்கிறது. பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நின்று, துவரங்குறிச்சி வீட்டுக்குள் வளர்ந்தவர். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நாவலில் அடுப்படியிலும் முற்றத்திலும் பெண்கள் வம்பு பேசுகிறார்கள், ஆசைப்படுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அங்கே பாரமாக இருப்பது தலையில் போடும் துணியல்ல, மூடிய வாசல்.

அடுத்த முறை நூலகம் போகும்போது சல்மாவின் நாவலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள்.