மஞ்சள் தோலுக்குள் போகிறதா?

நம் நாட்டில் மஞ்சள் இல்லாத வீடு உண்டா? குழம்பில் போடுகிறோம். சொறி வந்தால் வேப்பிலையோடு அரைத்துப் பூசுகிறோம். குஜராத்திலும் வங்காளத்திலும் திருமணத்துக்கு முன் மணமக்கள் உடம்பில் மஞ்சள் பூசுகிறார்கள்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று நம் பாட்டிகள் சொல்லி வந்தார்கள். ஆனால் 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். காப்புரிமை என்றால், "இது என் கண்டுபிடிப்பு" என்று ஒருவர் கொண்டாடும் உரிமை. நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் இதை எதிர்த்தது. பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியது. 1997-இல் அந்த உரிமை ரத்தானது.

மருந்து எது?

பூச்சி கடித்தால் அந்த இடம் சிவக்கிறது. சுடுகிறது. வீங்குகிறது. வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். மஞ்சளில் குர்குமின் என்னும் பொருள் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தருவது அதுதான். அழற்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. ஆனால் அது தோலுக்குள் போக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

தோல் ஒரு சுவர்

நம் தோலின் மேல் அடுக்கு ஒரு சுவர் போன்றது. உயிரற்ற சிறு செதில்கள் செங்கல் போல அடுக்கி இருக்கின்றன. அவற்றின் நடுவே கொழுப்பு இருக்கிறது. அது சாந்து போலப் பூசியிருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இந்தச் சுவர் தலைமுடியின் கனம்கூட இல்லை. ஆனாலும் கிருமிகளைத் தடுக்கிறது. நாம் பூசும் மருந்தையும் தடுக்கிறது.

தண்ணீரா? எண்ணெயா?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தம்ளரில் தண்ணீர் எடுங்கள். இன்னொன்றில் தேங்காய் எண்ணெய் எடுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்குங்கள். காலையில் பாருங்கள். தண்ணீரில் தூள் அடியில் தங்கியிருக்கும். எண்ணெயோ நல்ல மஞ்சள் நிறமாக இருக்கும். குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரையும்.

எண்ணெயில் குழைத்தாலும் கொஞ்சம்தான் உள்ளே போகும். ஆகவே விஞ்ஞானிகள் குர்குமினைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளில் அடைத்துக் களிம்பு செய்து பார்க்கிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. சேலையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் மங்கும் அல்லவா? வெயில் குர்குமினைச் சிதைக்கிறது. களிம்பையும் வெயில் படாமல் வைக்க வேண்டும்.

கவனம் தேவை

கடைத் தூளைத் திறந்த புண்ணில் தூவாதீர்கள். அதில் அழுக்கு இருக்கலாம். நல்ல நிறம் வர, சிலர் ஈயம் கலந்த சாயம் சேர்க்கிறார்கள். ஈயம் நஞ்சு. சிலருக்கு மஞ்சளே அரிப்பைத் தரும். முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது பூசிப் பாருங்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி ஒன்று. உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த படை இருக்கிறதா? இறகால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லையா? அது தொழுநோயாக இருக்கலாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டினரே. அந்தக் கிருமி நரம்பில் தங்கும். பூசும் மஞ்சள் அதை ஒழிக்காது. தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசிக் காலம் கடத்தினால் கை விரல்கள் மடங்கிப் போகலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மஞ்சள் நல்லதுதான். அது எதுவரை எட்டும் என்று தெரிந்து பூசுவோம்.