மடிக்குப் போடும் பத்து

கறக்கும்போது பால் திரிதிரியாக வந்தால் மாடு வளர்ப்பவருக்குப் புரிந்துவிடும், மடிநோய் என்று. காம்புத் துளை வழியே பாக்டீரியா உள்ளே புகுந்திருக்கிறது. வழக்கமான வைத்தியம், காம்புக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுவது. அதன்பின் சில நாள் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது அதைவிடப் பெரிய தொல்லை. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-ல் தடை செய்தது இதனால்தான்.

மாற்றாகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்தபடி பரப்பிய பத்து இன்று தமிழ்நாட்டுக்கு வெளியேயும் போய்விட்டது. தேசியப் பால்வள வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 10 முதல் 15 கிராம். மூன்றையும் அரைக்க வேண்டும். மடியிலுள்ள பாலை முழுக்கப் பீய்ச்சிவிட்டு, கழுவி, விழுதில் ஒரு கைப்பிடியை நீரில் கரைத்து மடி முழுதும் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். பொறுமை வேண்டிய வைத்தியம்தான்.

அரைத்ததும் விழுது ஆரத்தித் தண்ணீர்போலச் சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் வெறும் நீரில் அநேகமாகக் கரையாது. சுண்ணாம்பின் காரம் பட்டால் நிறம் மாறிக் கரையத் தொடங்கும். குர்குமினுக்கும் கற்றாழைக்கும் அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு.

‘ஆய்வகத்தில் இந்த மூலிகை கிருமியைக் கொன்றது’ என்ற செய்தியை மட்டும் நான் அப்படியே நம்புவதில்லை. ஓமத்திலுள்ள தைமாலைப் பாருங்கள். பாக்டீரியாவின் உறையைக் குலைத்துவிடும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் அது எண்ணெயில் கரையும் பொருள். பாலில் விட்டால் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும், கிருமியிடம் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கண்ணாடித் தட்டில் போதுமான அளவு மடிக்குள் போதாது. போதாக்குறைக்கு, ஒரு வயல் மஞ்சளில் இருக்கும் குர்குமின் அளவு அடுத்த வயல் மஞ்சளில் இருக்காது.

ஆகவே பத்துக்கு உரிய காலம் நோயின் தொடக்கம். மாடு காய்ச்சலில் தீவனம் தின்னாமல் படுத்துவிட்டாலோ மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ அரைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொடக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சலவைத்தூள் கரைசலில் கலந்து பார்ப்பது. நோயுள்ள காம்பின் பாலில் வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். சோப்பு அவற்றை உடைக்க, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளிவந்து பால் கொழகொழவென்று ஆகிவிடும்.