போட்டிக்கு எழுதும் குழந்தையும் நம் பேனாவும்

கட்டுரைப் போட்டி, கவிதைப் போட்டி, கடிதப் போட்டி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் அறிவிப்பு பள்ளிக்கு வந்துகொண்டே இருக்கிறது. செயல்முறைகள் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும்போது சில நேரம் போட்டிக்கு மூன்று நாள்தான் இருக்கும். தலைமையாசிரியர் தமிழாசிரியரைப் பார்ப்பார். தமிழாசிரியர் கையெழுத்து அழகாக உள்ள ஒரு மாணவியைப் பார்ப்பார். இரவோடு இரவாகக் கட்டுரை தயாராகும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தப் பெண் அதை மனப்பாடம் செய்வாள். பரிசு கிடைத்தால் பள்ளிக்குப் பெருமை. கிடைக்காவிட்டால் அந்தத் தாள் எங்கே போனது என்றுகூடத் தெரியாது.

அந்தக் கட்டுரையை எழுதியது யார் என்ற கேள்வி மட்டும் நம் ஆசிரியர் அறைகளில் எழுவதில்லை. கடலோர ஊர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியராக, அவ்வப்போது வட்டார அளவிலான போட்டிகளில் நடுவராகவும் இருந்தவள் என்ற முறையில், புதிதாக எழுத வரும் குழந்தைகளைப் போட்டிக்கு எப்படித் தயார் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில், நடுவர் மேசையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை தலைப்பு, 'நீரின்றி அமையாது உலகு'. கட்டாகத் தாள்கள் வந்தன. பாதிக்கு மேற்பட்டவை 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கின. மீதியில் பல, குறளை எழுதி அதற்குப் பொருளும் எழுதித் தொடங்கின. நடுவில் அப்துல் கலாம் சொன்னதாக ஒரு வரி. அவர் உண்மையிலேயே சொன்னாரா என்பது எழுதிய குழந்தைக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் எல்லாரும் மரம் நட்டார்கள். பத்தாவது தாளுக்கு மேல் கண் வரிகளில் நிற்கவில்லை. நடுவர்களும் மனிதர்கள்தானே!

அதற்கிடையே ஒரு தாள். ஏழாம் வகுப்புப் பையனுடையது. ஒற்றுப்பிழை நிறைய, லகர ளகரமும் சரியில்லை. ஆனால் அவன் தெரு அடிபம்பைப் பற்றி எழுதியிருந்தான். விடிகாலை நாலு மணிக்கு அந்தப் பம்பு கிரீச்சிடும் சத்தத்தில்தான் தான் விழிப்பதாகவும், அந்தச் சத்தம் கேட்காத நாளில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று படுத்துக்கொண்டே தெரிந்துகொள்வதாகவும் எழுதியிருந்தான். மூன்று நடுவர்களும் அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். பிழைக்காக மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றார் ஒருவர். அது நியாயம்தான், குறைத்தோம். அப்படியும் இரண்டாம் பரிசு அவனுக்கே வந்தது. முதல் பரிசு பெற்ற கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்டால் இன்று என்னால் சொல்ல முடியாது.

நம் பிள்ளைகள் ஒரே அச்சில் எழுதுவதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் அன்று. தேர்வுக்கட்டுரைக்கு நாம் கொடுத்த பயிற்சி அப்படி. குறிப்புச் சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையிடையே அடிக்கோடிட்ட உட்தலைப்பு. கொடுத்த குறிப்புகளை வரிசைப்படுத்தி எழுதத் தெரிகிறதா என்று பார்ப்பது தேர்வின் வேலை. அதில் தவறில்லை. ஆனால் போட்டி கேட்பது வேறு. அங்கே குறிப்பும் இல்லை, சட்டகமும் இல்லை; இந்தக் குழந்தைக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அதற்கான விதை பத்தாம் வகுப்பு வினாத்தாளிலேயே இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற அந்தச் சிறு வினாவில் குழந்தை ஒரு படத்தைப் பார்த்துத் தன் வரியை எழுதுகிறது. அதற்கும் விடை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கும் துணைநூல்கள் வந்துவிட்டன என்பது வேறு கதை.

அறிவிப்பைப் படிப்பதிலிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும். படிக்க வேண்டியவர் நாம் மட்டுமல்ல, குழந்தையும்தான். அஞ்சல் துறை நடத்தும் இரண்டு கடிதப் போட்டிகளை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2017 முதல் நடந்துவரும் 'டாய் ஆகர்'. இந்தியில் 'இரண்டரை எழுத்து' என்று பொருள். அன்பைக் குறிக்கும் இந்திச் சொல்லுக்கு இரண்டரை எழுத்து என்று கபீர் பாடியதிலிருந்து எடுத்த பெயர். தமிழிலும் எழுதலாம். கையால் எழுத வேண்டும். உள்நாட்டுக் கடித அட்டை என்றால் 500 சொற்களுக்குள், உறையில் வைத்து அனுப்பும் தாள் என்றால் 1000 சொற்களுக்குள். 18 வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. எந்தப் பிரிவு என்று வயது உறுதிமொழியையும் கடிதத்திலேயே எழுத வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல கடிதமும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, 500 சொற்கள் என்பது உச்சவரம்பு. எட்டாம் வகுப்புக் குழந்தையின் கையெழுத்தில் அந்த நீல அட்டைக்குள் அவ்வளவும் அடங்காது. அட்டையை நிரப்புவதற்காக நீட்டவும் வேண்டாம். ஒரு பழைய அட்டையை வகுப்பில் பிரித்துக் காட்டினால், எங்கே மடிப்பு வரும், எங்கே எழுதக் கூடாது என்பது தானாகப் புரியும். வாட்ஸ்அப் காலத்துப் பிள்ளைகளில் பலர் அதைத் தொட்டதே இல்லை.

மற்றொன்று பன்னாட்டு அஞ்சல் ஒன்றியத்தின் கடிதப் போட்டி. 1971 முதல் நடக்கிறது. 9 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. 2023இல், நீ ஒரு மீநாயகன், சாலைகளைக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக்குவது உன் பணி, அதைக் கடிதமாக எழுது என்றார்கள். 2025இல், நீ கடலாக இருந்தால், உன்னை ஏன், எப்படிக் காக்க வேண்டும் என்று ஒருவருக்குக் கடிதம் எழுது என்றார்கள். 'ஒருவருக்கு' என்ற சொல்லில் விரலை வைத்துக் காட்டுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதும் கடிதம் முதல் வரியிலேயே சொற்பொழிவாகிவிடும். இவ்விரண்டு போட்டிகளின் நாளும் விதியும் ஆண்டுதோறும் புதிதாக அறிவிக்கப்படும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை அஞ்சலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

அந்தக் கடல் தலைப்பை எட்டாம் வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்தேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளி. முதல் நாள் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'மனிதர்களே!' என்று தொடங்கி, நெகிழியைப் போடாதீர்கள் என்று முடிந்தன. கடலைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள்! மறுநாள் நோட்டை மூடச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். தடைக்காலம் 61 நாளும் அப்பா வீட்டில் இருந்தால் என்ன செய்வார்? கரையில் மீன் ஏலம் போடும்போது யார் குரல் பெரிது? கடல் யாரைப் பார்த்துச் சிரிக்கும், யாரிடம் பேச வெட்கப்படும்? பத்து நிமிடத்தில் வகுப்பில் சந்தை இரைச்சல். பிறகு, அந்த ஒருவர் யார் என்று மட்டும் முடிவு செய்துவிட்டு எழுதுங்கள் என்றேன்.

ஒருத்தி தன் ஆயாவுக்கு எழுதினாள். 2004 சுனாமியில் மூத்த மகனை இழந்தவர் அந்த ஆயா. அதற்குப் பிறகு கரைப்பக்கம் போனதே இல்லையாம். இப்போது சுனாமிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். கடல் அவரிடம் பேசுகிறது. 'உன் வீட்டு வாசல் என் பக்கம் இல்லை. ஆனாலும் காற்று வரும்போது நீ கதவைச் சாத்துவது எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி. மன்னிப்புக் கேட்கும் ஒரு வரி. பிறகு, உன் சின்ன மகன் தினமும் என்னிடம்தான் வருகிறான், அவனைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன் என்று ஒரு வரி. ஒரு பக்கம்கூட வரவில்லை.

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர். ஆனா கடலை ஏன் காக்கணும்னு வரவே இல்லையே? கீழே நாலு வரி நெகிழியைப் பத்திச் சேர்த்திடலாமா?" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. தலைப்பின் ஒரு பாதியை அந்தக் கடிதம் தொடவில்லை. ஆனால் சேர்க்க வேண்டியவர் நாமல்ல. நான் அந்தப் பெண்ணிடம், "கடல் ஆயாகிட்ட ஏதாவது உதவி கேக்குமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் யோசித்து, கரையில் கிழிந்து கிடக்கும் வலைத்துண்டுகளில் ஆமைகள் சிக்கிக்கொள்கின்றன, வலை பின்னத் தெரிந்த நீதான் சின்னவனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தாள். நெகிழியைப் பற்றி நான் சேர்த்திருக்கக்கூடிய நாலு வரியில் அந்த ஆமை வந்திருக்காது.

அந்தச் சமயம் ஓர் அமைப்பு கடிதப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. அதற்கு இதை அனுப்பலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் வீட்டில் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று அவள் அம்மாவை வரச் சொன்னேன். அவர் படிக்கவில்லை, மகள் படித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அனுப்ப வேணாம் டீச்சர். பேப்பர்ல வந்து எங்க அத்தை காதுக்குப் போனா தாங்க மாட்டாங்க" என்றார். அனுப்பவில்லை. அவள் ஏலக்காரரின் குரலைப் பற்றி வேறொரு கடிதம் எழுதினாள். அது போனது, பரிசு வரவில்லை. நல்ல படைப்பு கையில் கிடைத்ததும் நமக்கு வரும் பதற்றத்தில் இதை மறந்துவிடுகிறோம். குழந்தை உண்மையை எழுதத் தொடங்கினால் வீட்டுக் கடன், அப்பாவின் குடி, அக்காவின் கல்யாணம் எல்லாம் தாளில் வரும். எழுதட்டும். ஆனால் தாள் பள்ளியை விட்டு வெளியே போகும்முன் குழந்தையிடமும் வீட்டிலும் கேட்பது நம் கடமை. பெயரை மாற்றினால் போதுமா, வேறு ஒன்றை எழுதலாமா என்று அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.

திருத்துவது பற்றி. பிழை உள்ள வரிக்கு எதிரே ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். எந்தச் சொல், என்ன பிழை என்று குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பார்க்கலாம், அகராதியைப் பார்க்கலாம். என் பேனாவால் ஒரு வாக்கியத்தையும் சேர்ப்பதில்லை. நீக்கச் சொல்வது உண்டு. பெரும்பாலும் முதல் பத்தியைத்தான். எழுதி முடித்ததும் முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார்க்கச் சொல்வேன். பல கட்டுரைகள் அங்கேதான் உயிரோடு தொடங்கும். உரையாடல் வந்தால் ஊர்ப்பேச்சு அப்படியே இருக்கட்டும். ஆயா செந்தமிழில் திட்ட மாட்டார்.

செல்பேசியிடம் தலைப்பைச் சொன்னால் நொடியில் கட்டுரை வந்துவிடும் காலம் இது. அதைத் தடுக்க நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அடிபம்பின் கிரீச்சொலியும் ஆயா சாத்தும் கதவும் செல்பேசிக்குத் தெரியாது என்பதைப் பிள்ளைகளே ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பல போட்டிகளில் தலைப்பை அரங்கில்தான் அறிவிப்பார்கள். மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகள் அங்கே படும் பாட்டை நடுவராகப் பார்த்திருக்கிறேன். 'என் ஊர்' என்று எழுதப் படித்து வந்த பெண்ணுக்கு 'என் நூலகம்' என்ற தலைப்பு வந்தது. அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊரைப் பற்றிய கட்டுரையையே எழுதி, ஊர் வரும் இடங்களில் நூலகம் என்று மாற்றியிருந்தாள். நூலகத்தில் நெல் விளைந்தது. சிரிக்க முடியவில்லை. இதற்கு வாரம் ஒரு நாள் பதினைந்து நிமிடப் பயிற்சி போதும். கரும்பலகையில் ஒரு சொல். ஐந்து நிமிடம் யாரும் எழுதக் கூடாது. அந்தச் சொல் தொடர்பாகத் தான் கண்ணால் பார்த்த மூன்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மீதிப் பத்து நிமிடத்தில் அவற்றில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். இதை வகுப்பு முழுவதும் செய்ய வேண்டும். கையெழுத்து அழகாக உள்ள ஒருத்திக்கு மட்டும் செய்தால் அந்த அடிபம்புப் பையன்கள் ஒருபோதும் நம் கண்ணில் பட மாட்டார்கள். தொடக்க வகுப்புகளில் எழுத்து இன்னும் கைவராத குழந்தை சொல்லச் சொல்ல, சொன்னபடியே நாம் எழுதி அதற்கே படித்துக் காட்டலாம்.

முடிவுகளைப் பற்றி ஒரு சொல். பரிசு பெறாதவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தகவலும் வராது. அதனால் அனுப்பும் முன்பே ஒவ்வொரு தாளையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். முடிவு வரும்வரை காத்திருக்காமல் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரம் ஒருவர் தன் படைப்பைப் படிக்கிறார். ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களுக்கும் அனுப்பலாம்.

'டாய் ஆகர்' போட்டியில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பிரிவு உண்டு என்றேனே, அதில் ஆசிரியர்களும் எழுதலாம். நான் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுகிறேன். என் முதல் பத்தியை மறைத்துவிட்டுப் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. போன முறை எட்டாம் வகுப்பினர் என் கடிதத்தில் ஓரமாக ஆறு புள்ளி வைத்தார்கள். ஐந்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்.