ரொட்டிக்குள் மீன்

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலையில் சிறிது நேரம் நின்று பார்த்தோம். நெடுந்தீவுப் படகிலிருந்து ஐஸ் பெட்டிகளில் மீன் இறங்கியது. அதே படகு திரும்பும்போது ரின் மீனும் பிஸ்கற்றும் ஏறின. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் விலைபோகும் மீனை வீட்டுக்கு எடுத்துவைக்க மனம் வருவதில்லை என்று தொழிலாளர் எம்மிடம் கூறினர். அதில் பிழையில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் சிறு மீனையும் பிள்ளைகள் "முள்ளு" என்று தட்டிவிடுகிறார்கள் என்பதே தாய்மாரின் குறை. ஆகவே வேறொரு கரையோரத்து மக்களின் உணவை எமது அடுப்பில் செய்து பார்த்தோம்.

அதன் பெயர் தாக்கோ. மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாவிலுள்ள என்செனாடா நகரம் மீன் தாக்கோவுக்குப் பெயர் பெற்றது. சோள ரொட்டியில் பொரித்த மீனையும் பச்சைக் கோவாவையும் வைத்து, மடித்துக் கையால் உண்பார்கள். இது எமக்கு அந்நியம் என்று ஒதுக்கத் தேவையில்லை. எமது கறித்தூளின் உயிரான மிளகாயே அமெரிக்க மண்ணிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதான். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கட்டியவர்களும் அவர்களே. கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பறித்துக்கொண்டனர். மிளகாய் எம்மோடு தங்கிவிட்டது.

நான்கு பேருக்கு அரைக் கிலோ மீன் போதும். சிறு பாரை, விளைமீன் நல்லது. சதையை முள்ளிலிருந்து கழற்றி விரலளவு துண்டுகளாக வெட்டுங்கள். தலையையும் முள்ளையும் எறியவேண்டாம், இரவுக்குச் சொதி வைக்கலாம். துண்டுகளில் கறித்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி பூசிக் கால் மணி நேரம் விட்டு, அரிசி மாவில் புரட்டி, நன்கு காய்ந்த எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள்.

ரொட்டியில்தான் நாம் முதலில் தவறினோம். வழக்கம்போலத் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டியபோது மடிக்கும் இடத்தில் உடைந்துவிட்டது. தேங்காய்ப்பூவை விட்டு, இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்து, சுடுநீரில் குழைத்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பின் போத்தலால் மெல்லியதாக உருட்டிச் சுட்டு, துணியில் சுற்றி வைத்தால் வளையும்.

இனிக் கோவா. மயிர்போல் மெல்லியதாக அரிந்த கோவாவோடு துருவிய கரட், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேருங்கள். உப்பும் புளியும் உண்ணும் வேளையில் மட்டுமே. முன்னரே போட்டால் தண்ணீர் விட்டு ரொட்டியும் ஊறிப்போகும். பச்சையாக உண்பதால் கோவாவை இலை இலையாகப் பிரித்து, கொதித்தாறிய நீரில் கழுவவேண்டும். கிணற்று நீரை அப்படியே நம்பவேண்டாம். தீவுக்குக் கோவா கடல் கடந்து வருவதால் விலையும் கூட, வாடியும் இருக்கும். அப்போது பப்பாசிக்காயைத் துருவிக்கொள்ளுங்கள். உண்மையில் எமக்குப் பிடித்தது அதுதான். அவர்கள் விடும் கிறீமுக்குப் பதிலாக, உப்புச் சேர்த்து அடித்த கட்டித் தயிர் ஒரு கரண்டி.

தாய்மார் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. சூரை, கும்பிளா போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்ரமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். மணம் மாறாமலும் இருக்கலாம். பொரித்தாலும் அது அழியாது. முகம் சிவத்தல், தடிப்பு, தலையிடி, வாந்தி என்பன உண்ட சிறிது நேரத்திலேயே தொடங்கும். படகிலேயே ஐஸ் போடப்படாத இவ்வகை மீனை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இதற்கு எடுக்கவேண்டாம்.

நாம் செய்த அன்று பன்னிரண்டு ரொட்டி சுட்டோம். பிள்ளைகள் ஐந்துபேர் பத்தைத் தின்றார்கள். முள்ளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு அம்மம்மா மட்டும் ஒன்றை விரித்துப் பார்த்து, மீனை எடுத்துச் சோற்றோடு சாப்பிட்டார்.