வெள்ளத்தில் மூழ்கிய நெல் பிழைப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் மூழ்கினால் அழுகிப்போயிற்று என்பது வழக்கமான பேச்சு. பெரும்பாலும் அழுகலுக்கு முன்பே பயிர் பட்டினியால் செத்துவிடுகிறது.

பிராணவாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். நெல்லின் வேர் சேற்றில் நின்றாலும், இலை வழியே நுழையும் காற்று தண்டிலுள்ள காற்றறைகள் மூலம் வேருக்கு இறங்குகிறது. தலைக்கு மேல் தண்ணீர் ஏறினால் அந்த வழி அடைபடும். அப்போது உயிரணுக்கள் சர்க்கரையை முழுவதும் எரிக்க முடியாமல் சாராயமாகப் புளிக்க வைக்கின்றன. சுமார் 30 பங்கு சக்தி கிடைக்க வேண்டிய சர்க்கரையில் 2 பங்குதான் கிடைக்கும். கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பவை மரபணுக்கள். எல்லா மரபணுவும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. செடிகளிலுள்ள சில புரதங்கள் பிராணவாயு இருக்கும்வரை உடனுக்குடன் சிதைந்துவிடும். அது குறைந்ததும் சிதையாமல் தங்கி, புளிக்க வைக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இது 2011-ல் தெரியவந்தது.

நீருக்குள் எத்திலின் வாயு வெளியேற வழியின்றிச் சேர்வதால், சாதாரண நெல் தலையை வெளியே நீட்ட வேகமாக வளரும். வெள்ளம் மாதக்கணக்கில் நிற்கும் வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல்லுக்கு இதுவே சரியான வழி. நாளொன்றுக்கு 20 செ.மீ.க்கு மேலும் நீளும். பத்து நாளில் வடியும் வெள்ளத்திற்கோ இது வீண் செலவு. நீர் வடிந்ததும் மெலிந்த பயிர் சாய்ந்துவிடும்.

ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ இப்படி நீளுவதில்லை. அதிலுள்ள சப்1ஏ என்ற மரபணு, எத்திலின் சேர்ந்ததும் விழித்துக்கொண்டு, வளர்ச்சியை அடக்கி மாவுச்சத்தைச் சேமிக்கிறது. 2006-ல் இது அடையாளம் காணப்பட்டது. ஒட்டுக்கட்டி உருவாக்கிய சுவர்ணா சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியாயிற்று. டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர்.1009-லும் இம்மரபணு ஏற்றப்பட்டுள்ளது. இந்த ரகங்கள் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் விதை முளைக்கும்போதும் பூக்கும்போதும் மூழ்கினால் இம்மரபணு கைகொடுக்காது. வெளிச்சம் புகாத கலங்கல் நீரில் தாங்கும் நாளும் குறையும்.

மழை வரும் அறிகுறி தெரிந்தால் யூரியா இடுவதைத் தள்ளிப்போட வேண்டும். தழைச்சத்து மிகுந்த இளம்பயிர் வெள்ளத்தில் எளிதில் மடியும். நீர் வடிந்ததும் இலை வாடியிருப்பதைக் கண்டு அவசரப்பட்டு உழுதுவிடக் கூடாது. தூரின் அடி கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் சில நாளில் புதுக்குருத்து வரும். அதன்பிறகே மேலுரம் இட்டு, போக்கிடங்களில் தூர் பிரித்து நடலாம்.