காய்ச்சல் வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீங்க!



2021 மே மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா இரண்டாவது அலை. மே 10-ஆம் தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் இல்லை, கூலி வேலை இல்லை, குழுக் கூட்டமும் இல்லை. அந்த நாட்களில் உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் கைக்குழந்தை இருந்த வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும்:

"உனக்குக் காய்ச்சல் அடிக்குது. பால் குடுக்காத, புள்ளைக்கும் ஒட்டிக்கும்."

"பசியில கத்துதே அத்தை, என்னா பண்றது?"

"ஒரு டின் பவுடர் வாங்கியாரச் சொல்லு. காசு இல்லன்னா குழுவுல உள்கடன் கேளு."

அத்தை சொன்னது பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான். ஆனால் அந்தப் பாசமே குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். எப்படி என்று பார்ப்போம்.

தாய்ப்பால் வழியாக கொரோனா பரவுமா?

கொரோனா பரவுவது மூச்சு, இருமல், தும்மல் வழியாக. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் பரவியதாகத் தெரியவில்லை. அதனால்தான் தொற்று வந்த தாயும் பால் கொடுக்கலாம், குழந்தையைப் பிரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதமே விளக்கமாகச் சொன்னது. அதோடு, தாய்க்கு நோய் வந்தால் அவள் உடம்பு அந்த நோயை எதிர்க்கும் சக்தியை உண்டாக்குகிறது. அந்தச் சக்தி பாலிலும் வருகிறது. காய்ச்சல்காரி பால் என்று நாம் ஒதுக்குவது குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைத்தான்.

பாலை நிறுத்தினால் என்ன ஆகும்?

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். பத்து நாள் நிறுத்தினால் பால் வற்ற ஆரம்பிக்கும். மார்பு கட்டிக்கொண்டு தாய்க்கு வலியும் காய்ச்சலும் கூடும். அப்புறம் பவுடர்தான் கதி என்று ஆகிவிடும்.

பவுடர் பால் விஷம் இல்லை. தாய் இல்லாத குழந்தைக்கு டாக்டர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பாட்டிலும் ரப்பரும் சரியாகக் கொதிக்க வைப்பதில்லை. தண்ணீர் சுத்தமாக இருப்பதில்லை. கலக்கிய பால் வெயிலில் கெட்டுப் போகிறது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று 3 ஸ்பூன் போடுகிற இடத்தில் 2 ஸ்பூன் போடுகிறோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, எடை குறைகிறது. கைக்குழந்தைக்கு கொரோனாவை விட வயிற்றுப்போக்கு பெரிய எமனாக வரலாம். கடன் மட்டும் நிற்கும்.

பால் பவுடரை விளம்பரம் செய்வதும், தாய்மார்களுக்கு இலவசமாக மாதிரி டின் கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. 2003-இல் இந்தச் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. யாராவது இலவசம் என்று கொண்டு வந்தால் வாங்காதீங்க.

காய்ச்சல் உள்ள தாய் எப்படிப் பால் கொடுப்பது?

குழந்தையைத் தொடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் கட்டுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். துணியில் தைத்ததாக இருந்தால் தினமும் துவைத்து வெயிலில் காய வையுங்கள். ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். இருமல் மார்பின் மேல் பட்டிருந்தால் மட்டும் சோப்பால் கழுவினால் போதும், ஒவ்வொரு முறையும் கழுவத் தேவையில்லை. குழந்தைக்கு முகக்கவசம் போடக் கூடாது, மூச்சு முட்டும்.

எழுந்து உட்காரவே முடியலையா? சுத்தமான கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி எடுங்கள். காய்ச்சல் இல்லாத ஒருவர் சங்கு அல்லது ஸ்பூனால் புகட்டட்டும். பாட்டில் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் பீய்ச்சிய பாலை 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பீய்ச்சிக்கொண்டே இருந்தால் பால் வற்றாது, உடம்பு தேறியதும் குழந்தையை மறுபடி மார்பில் போடலாம்.

மாத்திரை வாங்கும்போது "பால் கொடுக்கிறேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எல்லா நோய்க்கும் ஒரே விதி கிடையாது. காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கு டாக்டர் சொல்வதுதான் வழி. ஆனால் எந்த நோயாக இருந்தாலும் நாமாக முடிவு செய்து பாலை நிறுத்தக் கூடாது.

பிறந்த குழந்தைக்கு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தாலும் இதே விதிதான். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். 6 மாதம் முடியும் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும்.

6 மாதத்துக்கு மேல்

2020-இல் அங்கன்வாடி மையங்கள் மூடியிருந்தபோது பல வீடுகளில் குழந்தைச் சாப்பாடு பிஸ்கட்டும் டீயுமாக மாறியது. அது வயிற்றை அடைக்கும், வளர்ச்சி தராது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் உரியது. அதை மாட்டுக்குக் கலக்காமல் கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள். குழைந்த சோறும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, முட்டை, பழம், மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய். 2, 3 ஸ்பூனில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு 2, 3 முறை. 9 மாதத்துக்கு மேல் 3, 4 முறை. கூடவே தாய்ப்பாலை 2 வயது வரையும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

காய்ச்சலில் குழந்தை சாப்பிட மறுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். உடம்பு தேறிய பிறகு தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலோடு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். துத்தநாக மாத்திரை பற்றி கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

குழந்தை பால் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தால், வேகமாக மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், வலிப்பு வந்தால், சிறுநீர் குறைந்தால் தாமதம் வேண்டாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். 108-க்கு போன் செய்யுங்கள். அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கொரோனா அவசர நிலை முடிந்ததாக 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் டெங்கு, சளிக்காய்ச்சல் வருகிறது. நாளைக்கு வேறொரு பெருந்தொற்றும் வரலாம். அப்போதும் அதே பயம், அதே பேச்சு வரும்.

பவுடர் வாங்க உள்கடன் கேட்டு ஒரு சகோதரி வந்தால் ஊக்குநரும் பிரதிநிதியும் முதலில் கேட்க வேண்டியது, "பால் ஏன் நிறுத்தினாய்?" என்பதுதான். காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கு ஒரு வேளை கஞ்சி கொண்டு போய் வாசலில் வைக்கலாம். அவள் அத்தையிடம் இந்த விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். நம் குழுக்களில் அத்தையும் இருக்கிறாள், மருமகளும் இருக்கிறாள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிக்கும் போய்ச் சேரட்டும்.